கலாபகோஸ் முதல் மார்க்கேசஸ் வரை 24 நாள் பாய்மரப் படகில்: என்ன சாப்பிட்டோம், எது வீணானது

உப்புக்காற்று (இழை தொடங்கியவர்):

வணக்கம். வேறொரு இழையில் ஒருவர், "ஒரு மாதம் கரையே தெரியாமல் போகும்போது சோற்றுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுபோனதால் தனி இழை.

படகு 42 அடி, பழையது, ஆனால் உறுதியானது. உரிமையாளர்கள் ஆக்லாந்தைச் சேர்ந்த, அறுபது தாண்டிய தம்பதி. நானும் மனைவியும் பனாமாவில் ஏறிக்கொண்டோம். எனக்குப் பாய் இழுக்கத் தெரிந்ததைவிடச் சாம்பார் வைக்கத் தெரிந்தது அதிகம். ஆகவே அடுப்படி என் தலையில் விழுந்தது.

பனாமாவிலிருந்து ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகள் சுமார் 900 கடல் மைல். அது ஒத்திகை. அங்கிருந்து, பசிபிக்கில் பிரெஞ்சு ஆட்சியில் உள்ள மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தின் ஹிவா ஓவா தீவுக்குச் சுமார் 3,000 கடல் மைல், நடுவில் ஒரு பாறை கூடக் கிடையாது. நாளுக்கு 125 மைல் வீதம் 24 நாள் ஆனது. முதலில் தென்மேற்காகப் போய்த் தென்கிழக்கு வியாபாரக் காற்றை (விடாமல் ஒரே திசையிலிருந்து வீசுகிற trade wind) பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் காற்று முதுகில்தான். கேட்க இதமாக இருக்கும். ஆனால் முதுகுக்காற்றில் படகு இரண்டு பக்கமும் உருண்டுகொண்டே போகும். தொட்டில் என்று எழுதுகிறவர்கள் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். அது சல்லடை.

பெரிய கொள்முதல் எல்லாம் பனாமா நகரில் செய்தோம். அங்கே சிந்தி, குஜராத்திக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். துவரம்பருப்பு, கடுகு, பெருங்காயம், அப்பளம் எல்லாம் கிடைத்தது. புளியும் மிளகாய்த்தூளும் ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தோம். நாலு பேருக்கு ஒரு வேளை சோறு என்றால் நாளுக்கு 400 கிராம் அரிசி, 24 நாளுக்குப் பத்து கிலோ. நான் 20 கிலோ வாங்கினேன். காற்று நின்றுபோனால் 24 நாள் 35 நாளாகும். போய்ச் சேருகிற தீவுகளிலும் கப்பலில் வருகிற சாமான் யானை விலை.

வாங்கியதில் ஓர் அட்டைப்பெட்டி கூடப் படகுக்குள் போகவில்லை. எல்லாம் படகுத்துறையிலேயே பிரித்து, பொருளை மட்டும் உள்ளே கொடுத்தோம். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் நடுக்கடலில் அதை யாரும் இறக்க முடியாது.

முட்டை 15 டஜன், குளிர்பெட்டியில் வைக்காத, கழுவாத முட்டையாகக் கேட்டு வாங்கினேன். ஒருமுறை குளிரவைத்த முட்டை வெளியே வந்தால் சீக்கிரம் கெடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டோடு தலைகீழாகத் திருப்பி வைத்தேன். 24 நாளில் இரண்டுதான் கெட்டது. முட்டைக்கோஸ்தான் கடல் பயணத்தின் ராஜா. வெளி இலையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வந்தால் மூன்று வாரம் தாண்டியும் உள்ளே வெள்ளையாக நிற்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே வலையில் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். தக்காளி பச்சையாக வாங்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்தேன். வாழைத்தாரைப் பின்பக்கம் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம், படத்துக்கு நன்றாக இருந்தது. ஆறாம் நாள் முதல் பழம் கனிந்தது. எட்டாம் நாள் அத்தனையும் கனிந்தது. அப்புறம் மூன்று நாள் வாழைப்பழ அப்பம், வாழைப்பழக் கஞ்சி, வாழைப்பழத்தோடு சண்டை.

முதல் மூன்று நாளுக்கு நான் ஆசையாகச் சமைத்து வைத்ததை யாரும் தொடவில்லை. எல்லோருக்கும் குமட்டல். அரிசிக்கஞ்சி, எலுமிச்சை ஊறுகாய், ரஸ்க், இஞ்சித் துண்டு, அவ்வளவுதான் இறங்கியது. அடுத்தமுறை போனால் முதல் மூன்று நாளுக்குச் சமையலே கிடையாது.

மற்றதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

தேரிக்காட்டான்:

அருமை அண்ணா. எனக்கு ஒரே கேள்வி. ஆடுகிற படகில் குக்கர் எப்படி வைத்தீர்கள்? நிற்குமா?

உப்புக்காற்று:

தம்பி, குக்கர்தான் என் உயிரைக் காப்பாற்றியது. படகு அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். பாத்திரத்தைப் பிடிக்க மேலே இரும்பு இடுக்கிகள் உண்டு. இதெல்லாம் இருந்தாலும் திறந்த பாத்திரத்தில் கொதிக்கிற குழம்பு ஒருநாள் இல்லை ஒருநாள் மேலே கொட்டும். குக்கர் மூடி பூட்டிக்கொள்ளும், தரையில் உருண்டாலும் சோறு உள்ளேதான் இருக்கும். எரிவாயுவும் பாதிதான் செலவாகும். அந்த நியூசிலாந்து அம்மாவுக்கு முதலில் விசில் சத்தம் கேட்டாலே பயம். இரண்டாம் வாரம் அவரே "மூன்று விசிலா, நாலா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று. அடுப்பு முன் நிற்கும்போது மழைக்கால ரப்பர் கால்சட்டை போட்டுக்கொள்வேன், அந்த வெயிலிலும். வெந்நீர் தெறித்தால் தோல் போகாது. 1,500 மைல் தொலைவில் வெந்துபோன காலுக்கு மருத்துவர் கிடையாது.

கப்பல்_இஞ்சினியர்:

நான் சரக்குக் கப்பலில் 22 வருடம். எங்கள் பண்டாரிக்கு (சமையல்காரருக்கு) குளிர் அறையே ஒரு வீடு அளவு இருக்கும். அதனால் கேட்கிறேன், குளிர்பெட்டி இல்லாமலா போனீர்கள்? முட்டைக்கோஸ் கதை எல்லாம் சரி, இந்தக் காலத்தில் ஏன் இந்தத் தவம்?

உப்புக்காற்று:

தவம் இல்லை சார், இருந்தது. புதிதாக மாற்றிய கம்ப்ரசர். ஒன்பதாம் நாள் காலை செத்துப்போனது. கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே நாலு கிலோ கோழி, சீஸ், வெண்ணெய். அன்று காலையிலிருந்து இரவுவரை குக்கர் இறங்கவே இல்லை. பாதியைக் காடியும் மிளகாயும் நிறையப் போட்டு ஊறுகாய் மாதிரி வற்றவைத்தேன். மீதி குழம்பு. இரண்டு நாள் விருந்து, மூன்றாம் நாளிலிருந்து பருப்பு.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். குளிர்பெட்டி இருப்பது வசதி. அதை நம்பி வாங்குவது தவறு. அது நின்றாலும் எல்லோரும் சாப்பிடுகிற மாதிரிதான் சாமான் இருக்க வேண்டும். குளிர்பெட்டிதான் படகின் மின்சாரத்தைத் தின்கிற முதல் ஆள். சூரியப் பலகை கொடுப்பதில் பெரும்பங்கு அதற்கே போகும். அது செத்த பிறகு பேட்டரி எப்போதும் நிறைந்தே இருந்தது, படகுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கப்பல்_இஞ்சினியர்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். உதிரி பாகம் எடுத்துப் போகாதது உங்கள் தவறு, குளிர்பெட்டியின் தவறு அல்ல. காற்றுக்கசிவா, கேஸ் கசிவா என்று பார்த்தீர்களா?

உப்புக்காற்று:

பார்த்தோம். மின்னணுப் பலகை எரிந்திருந்தது. அதற்கு உதிரி வைத்திருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் உப்புக்காற்றில் அடுத்து எது எரியும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் உதிரி எடுத்தால் அரிசி வைக்க இடம் இருக்காது.

மருந்துச்சீட்டு:

செவிலியராக ஒரு எச்சரிக்கை. குக்கரில் சமைத்த கோழியை இரண்டு நாள் வெளியே வைத்தது பெரிய சூதாட்டம். சோறும் அப்படித்தான். வெந்த சோறு வெதுவெதுப்பில் கிடந்தால் அதில் வளரும் ஒரு கிருமி விடுகிற நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. கரையில் என்றால் ஒரு நாள் வயிற்றுப்போக்கு. கடலில் நீர் இழப்பு உயிருக்கே ஆபத்து. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எத்தனை வைத்திருந்தீர்கள்?

உப்புக்காற்று:

அக்கா, திட்டு நியாயம்தான். குழம்பைக் காலையும் மாலையும் கொதிக்கவிட்டு, இரண்டாம் நாள் இரவு மிஞ்சியதைக் கடலில் கொட்டினோம். கரைசல் பொட்டலம் 40 இருந்தது. கடல்குமட்டலுக்கே பத்து போனது. சோறு ஒருபோதும் மிச்சம் வைக்கவில்லை. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிப் பழையசோறு, அதுவும் மறுநாள் காலையோடு சரி.

மருந்துச்சீட்டு:

பழையசோறு என்று சொன்னவுடன் எனக்கும் வாய் ஊறுகிறது, என்ன செய்ய. புளித்தால் கொஞ்சம் பாதுகாப்புதான், ஆனால் 30 டிகிரியில் என் ஆசீர்வாதம் கிடையாது.

நெய்தல்_யாழ்:

எங்கட பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் ஐஸ் முடிந்தால் கருவாடுதான். நீங்கள் மாசி (காய்ந்து இறுகிய சூரைக் கருவாடு) கொண்டுபோனீங்களா? ஒரு துண்டு மாசியை இடித்துத் தேங்காயோடு சம்பல் போட்டால் வேறு கறி வேண்டாம். தண்ணீர் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மீன் பிடித்தீங்களா?

உப்புக்காற்று:

மாசி கொண்டுபோகவில்லை, அடுத்தமுறை கட்டாயம். மீன் நிறைய. பின்னால் 50 மீட்டர் தூண்டில் கயிறு, நுனியில் ரப்பர் கணவாய். சூரை இரண்டு, மாஹி மாஹி மூன்று. ஒரு மாஹி மாஹி நாலு பேருக்கு இரண்டு நாள். அதனால் ஒன்று கிடைத்ததும் தூண்டிலை உள்ளே இழுத்துவிடுவோம். குளிர்பெட்டி இல்லாதவன் இரண்டாவது மீனைக் கொல்லக் கூடாது.

காலையில் தளத்தைச் சுற்றிவந்தால் இரவு விழுந்த கோலா மீன் கிடக்கும். பறக்கிற கோலாவேதான், நாகப்பட்டினத்தில் குழம்பு வைப்பார்களே, அது. பெரும்பாலும் விரல் நீளம்தான், வறுக்கத் தேறாது. ஒருநாள் இரவுக்காவலில் என் காதுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து அறைந்தது. கத்திய சத்தத்தில் மூன்று பேரும் மேலே ஓடிவந்தார்கள்.

வெண்டைக்காய்:

தண்ணீர்? குளிப்பது? கழிப்பறை? இதை யாரும் எழுதுவதில்லை. பெண்களுக்கு எப்படி என்று உங்கள் மனைவியைக் கேட்டு எழுத முடியுமா?

உப்புக்காற்று:

பக்கத்தில் உட்காரவைத்து எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டி இரண்டு, மொத்தம் 450 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் நாளுக்கு 12, 24 நாளுக்கு 288. கடல்நீரை நல்ல நீராக்கும் இயந்திரம் இருந்தது, ஆனாலும் கணக்கு அது இல்லாமல்தான். ஒரு தொட்டி கெட்டால் மற்றது பிழைக்க வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவே உள்ள குழாயை மூடியே வைத்தோம். உருளைக்கிழங்கு தோலோடு முழுக் கடல்நீரில் வேகும். சோற்றுக்கு ஒரு பங்கு கடல்நீர், மூன்று பங்கு நல்ல நீர், உப்பே போட வேண்டாம். இது ஆழ்கடலில் மட்டும், துறைமுக நீரில் செய்துவிடாதீர்கள். பாத்திரம் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு குவளை நல்ல நீர்.

குளியல் பின்தளத்தில், இடுப்பில் பாதுகாப்புக் கயிறோடு. வாளியில் கடல்நீர், அப்புறம் இரண்டு லிட்டர் நல்ல நீர். மனைவி சொல்கிறார்: "வெட்கம் நாலாம் நாள் போய்விடும். ஒருவர் குளிக்கும்போது மற்ற மூவரும் முன்பக்கம் பார்ப்பார்கள், அது பேசாத ஒப்பந்தம். தலைமுடியைக் கிளம்பும் முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டேன், அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். கழிப்பறை கைப்பம்பு, ஒவ்வொரு முறையும் இருபது தடவை அடிக்க வேண்டும். உருளும்போது அங்கே உட்கார இரண்டு கையும் வேண்டும், பம்பு அடிக்க மூன்றாவது கை வேண்டும். உப்பு காயாத உள்ளாடையால் புண் வரும், பருத்தி நிறைய எடுத்துப் போங்கள்."

கப்பல்_இஞ்சினியர்:

இரவுக்காவல் எப்படிப் பிரித்தீர்கள்?

உப்புக்காற்று:

மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, ஆளுக்கு மூன்று மணி நேரம். காற்றைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பும் விசிறி ஒன்று பின்னால் உண்டு, மின்சாரம் வேண்டாம், அதுதான் ஐந்தாவது ஆள். காவல்காரன் வேலை கப்பல் வருகிறதா, மழைமேகம் வருகிறதா என்று பார்ப்பது. 24 நாளில் நாங்கள் பார்த்த கப்பல் மூன்று. என் முறை 12 முதல் 3. சுக்குக்காப்பி ஃப்ளாஸ்க், பொரியுருண்டை இரண்டு. இரவுக்காவலுக்கென்று தனிப்பெட்டி வைத்து, பகலில் யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டோம். அந்தச் சட்டத்தை மீறியதால்தான் பயணத்தின் ஒரே பெரிய சண்டை வந்தது. மீறியது நான்.

கடிகாரமும் தொல்லை. கலாபகோஸுக்கும் மார்க்கேசஸுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம் ஊர் மாதிரியே அங்கும் அந்த அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றாமல் வைத்திருந்தால் காலைச் சோறு இருட்டில். வாரத்துக்கு ஒரு மணி பின்னால் தள்ளினோம்.

வண்டிமாடு:

வத்தல், வடகம், அப்பளம் இவையெல்லாம்தானே கெடாத சாமான்? இரண்டு கிலோ எடுத்துப் போனால் போதுமே.

உப்புக்காற்று:

இந்தத் தவறைத்தான் நான் செய்தேன்! இரண்டு கிலோ வடகம், சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய். ஏறிய பிறகுதான் படகுக்காரம்மா சொன்னார்: ஓடும் படகில் எண்ணெய்ச் சட்டி கிடையாது. சட்டம் அவருடையது, அதில் பேச்சே இல்லை. கொதிக்கும் எண்ணெய் சாய்ந்தால் தீ, தீப்பிடித்தால் இறங்கி ஓட இடம் கிடையாது. சுண்டைக்காயை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கிக் குழம்பில் போட்டேன். வடகம் அப்படியே கிடந்தது.

ஆனால் அப்பளம்! இரண்டு வாரம் கழித்து நாக்கு கேட்பது இனிப்பும் இல்லை காரமும் இல்லை, மொறுமொறுப்பு. பிஸ்கட் நமுத்துப்போகும், ரஸ்க் நமுத்துப்போகும், வெள்ளரி என்றைக்கோ முடிந்திருக்கும். எல்லாம் கொழகொழ. அப்போது ஓர் அப்பளத்தை இடுக்கியில் பிடித்துத் தீயில் சுட்டுக் கொடுத்தேன். நாலு பேரும் பேசாமல் சாப்பிட்டோம், கடிக்கிற சத்தம் மட்டும். மறுநாளிலிருந்து எண்ணி, ஆளுக்கு ஒன்று என்று ரேஷன். முளைகட்டிய பச்சைப்பயறும் அப்படித்தான். ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு நாளில் தயார், பச்சைக் காய்கறிக்கு அதுதான் பதில்.

தேரிக்காட்டான்:

இட்லி மாவு முயற்சி செய்தீர்களா? என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டல் (தோணித் தலைவர்). கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போவார்கள். மணல் போட்ட பெட்டியில் அடுப்பு, சோறு, புளிக்குழம்பு, கருவாடு, அவ்வளவுதான் என்பார். இட்லி கரைக்கு வந்தபிறகுதான்.

உப்புக்காற்று:

தாத்தா சொன்னதே சரி. கைச்சுற்று அரவையில் அரைத்தேன், ஒரு மணி நேரம். வெப்பத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கியது. பொங்கியது மட்டும் இல்லை, ஆட்டத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு அலமாரி முழுக்க ஓடியது. வரைபடங்கள் இருந்த அலமாரி. மீந்த மாவில் தோசை ஊற்றினால் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் ஊத்தப்பம். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

செம்பருத்தி77:

நம் புதுச்சேரி ரூபாவும் இன்னொரு கடற்படை அதிகாரி தில்னாவும் தாரிணி பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 கிளம்பி 2025 மே 29 கோவா திரும்பினார்களே, இரண்டே பேர், உலகம் சுற்றி. நாலு இடத்தில் நின்றார்கள் என்று படித்தேன். அதே கடற்படையின் அபிலாஷ் டோமி 2012-13இல் மாதேயி படகில் எங்கும் நிற்காமல் ஐந்து மாதம் தனியாகச் சுற்றினார். அவ்வளவு சாமானை எங்கே வைப்பார்கள்?

உப்புக்காற்று:

அவை 56 அடிப் படகுகள், எங்களுடையதைவிடப் பெரியவை. அந்த மாதிரிப் பயணத்தோடு என் 24 நாளை ஒப்பிடவே கூடாது, தெற்குப் பெருங்கடலின் குளிர் வேறு உலகம். ஆனால் எங்கே வைப்பது என்பதுதான் சரியான கேள்வி. என் அனுபவத்தில் சாமான் தீர்ந்து யாரும் கஷ்டப்படுவதில்லை. இருப்பது தெரியாமல் கஷ்டப்படுகிறார்கள்.

படகில் அலமாரி குறைவு. மெத்தைக்கு அடியில், தரைப்பலகைக்கு அடியில், படிக்கட்டுக்குப் பின்னால் என்று 30 குழிகள். நான் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். எடுத்தால் நோட்டில் அந்த வரியை அடித்துவிட வேண்டும், எவ்வளவு பசியாக இருந்தாலும். அதோடு தினமும் காலை ஒரு சுற்று: எது சாகப்போகிறதோ அதுதான் இன்றைய சமையல். பட்டியல் போட்டு "திங்கள் சாம்பார், செவ்வாய் புளியோதரை" என்று போனால் கத்தரிக்காய் உங்களுக்காகக் காத்திருக்காது.

தரைக்கு அடியில் வைத்த டப்பாக்களில் கசிந்த நீர் பட்டுக் காகிதம் உரிந்துபோகும். மூடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். சிலவற்றில் நான் எழுதவில்லை. சாம்பாருக்குக் கொண்டைக்கடலை என்று திறந்தால் சர்க்கரைப்பாகில் பீச் பழம்.

கிவித்தமிழன்:

நியூசிலாந்து வரை போகிறவர்கள் கவனிக்க. இங்கே இறங்கும்போது பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி எல்லாம் எடுத்துக்கொள்வார்கள். தேனை விடவே மாட்டார்கள். முளைக்கிற முழுப்பயறும் விதைதான், அதையும் கேட்பார்கள். எதையும் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள்.

உப்புக்காற்று:

கலாபகோஸிலும் சோதனை கடுமை. அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் இருந்தால் திரும்ப ஆழ்கடலுக்குப் போய்ச் சுரண்டிவிட்டு வரச் சொல்வார்கள். நாங்கள் முன்கூட்டியே சுரண்டியிருந்தோம். கொஞ்சம் பழம் மட்டும் போனது.

வெண்டைக்காய்:

கரையில் இறங்கி முதலில் என்ன சாப்பிட்டீர்கள்?

உப்புக்காற்று:

ஹிவா ஓவாவில் அட்டுவோனா ஊர். காவலர் அலுவலகத்தில் பதிவுசெய்துவிட்டு நேராகக் கடைக்கு. பிரெஞ்சு நீள ரொட்டி அங்கே அரசு விலைக்கட்டுப்பாட்டில் மலிவு, மற்றதெல்லாம் கண்ணைக் கட்டும். ரொட்டியின் மேலோடு மொறுமொறுவென்று இருந்தது, கடை வாசலிலேயே இரண்டு முடிந்தது. நிலம் ஆடிக்கொண்டிருந்தது, சுவரில் சாய்ந்துதான் சாப்பிட்டோம்.

அப்புறம் அதே கூட்டத்தின் ஃபட்டு ஹிவா தீவில் ஒரு பாட்டி பெரிய பச்சைப் பழம் கொண்டுவந்து "பாம்பிள்மூஸ்" என்றார். அட, பம்பளிமாசு! தலை அளவு, தேன் மாதிரி இனிப்பு. காசு வாங்கவில்லை, கயிறு இருக்கிறதா என்று கேட்டார். பழைய பாய்க்கயிறு பத்து மீட்டருக்கு எட்டுப் பழமும் ஓர் ஈரப்பலாவும். நங்கூரம் போட்ட அன்று மாலை படகுக்காரம்மா எண்ணெய்ச் சட்டிக்கு அனுமதி கொடுத்தார். ஈரப்பலா வறுவல், கூடவே ஒரு கிலோ வடகம். வாசனைக்குப் பக்கத்துப் படகுகளிலிருந்து இரண்டு ரப்பர்ப்படகு வந்து ஒட்டியது.

செம்பருத்தி77:

மிஞ்சியது எவ்வளவு? அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்களேன்.

உப்புக்காற்று:

டப்பா 31, அரிசி ஒன்பது கிலோ, பாஸ்தா யாருமே தொடவில்லை. நோட்டு மஞ்சள்தூள் கறையோடு இருக்கிறது, சனிக்கிழமை படம் எடுக்கிறேன். அதில் ஒரு வரி மட்டும் இன்னும் அடிக்கப்படவில்லை: "புளி, அரைக் கிலோ, இடது." முன்னால் பார்த்து நின்றால் இடதா, பின்னால் பார்த்து நின்றால் இடதா என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் தேடிவிட்டோம். படகு இப்போது ஆக்லாந்தில், விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் வீட்டில் யாராவது ரசம் வைப்பார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.